உடம்புக்குள் நடக்கும் வேலையைக் காட்டும் படம்!

தங்கவயல் தொழிலாளி டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை

கோலார் தங்கவயலில் ஸ்கெலட்டன் என்று ஓர் இடம் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் இந்தப் பெயரைக் கேட்டால் ஒரு நிமிடம் திகைத்துப் போவார்கள். ஆங்கிலம் தெரிந்தவர் காதில் அது "எலும்புக்கூடு" என்று விழும்.

அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது வெறும் ஊர்ப் பெயர். கடிதத்தில் எழுதும் பெயர். ரேஷன் கடையில் சொல்லும் பெயர். அதில் பயமும் இல்லை, வேடிக்கையும் இல்லை.

அந்தப் பகுதியில் வசிக்கும் ஒரு பெரியவரை நினைத்துக் கொள்வோம். இப்படி ஒருவர் தங்கவயலில் எந்த லைனிலும் இருப்பார். வயது எழுபது. இருபது வயதில் மைன்ஸில் சேர்ந்தவர். கேஜில் இறங்கி, கேஜில் ஏறி, கால் நூற்றாண்டு உழைத்தவர். 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந்தேதி சுரங்கம் மூடப்பட்டபோது வீட்டுக்கு வந்தவர்.

அவருக்கு இப்போது இருமல் நிற்கவில்லை. உடம்பு இளைத்துக் கொண்டே போகிறது. எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரலில் ஒரு கட்டி போலத் தெரிந்தது. "பெங்களூருக்குப் போய் பெட் ஸ்கேன் எடுத்துக் கொண்டு வாருங்கள்" என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

"நைனா, பயப்படாதே. சும்மா போட்டோ பிடிக்கிற மாதிரிதான்" என்கிறாள் மகள். அவளுக்கும் உள்ளுக்குள் பயம்தான்.

அது என்ன போட்டோ? எக்ஸ்ரேயில் தெரியாத எதை அது காட்டப் போகிறது? அதில் வெளிச்சமாகத் தெரிந்தால் புற்றுநோய் என்று முடிவு செய்துவிடலாமா?

இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்து கொண்டால் பாதி பயம் போய்விடும். வீண் அலைச்சலும் குறையும்.

நிழல் பிடிக்கும் எக்ஸ்ரே

1895-ம் ஆண்டு நவம்பர் மாதம் ஜெர்மன் நாட்டு விஞ்ஞானி ராண்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த மாதமே தன் மனைவியின் கையைப் படம் பிடித்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் தெரிந்தன. உலகம் அதிர்ந்தது. பௌதிகத்துக்கான முதல் நோபல் பரிசு 1901-ம் ஆண்டு அவருக்குத்தான் கிடைத்தது.

எக்ஸ்ரே என்பது ஒரு நிழல். கதிர் உடம்பை ஊடுருவிப் போகிறது. எலும்பு அதைத் தடுக்கிறது. சதை அதிகம் தடுப்பதில்லை. தடுத்த இடம் வெள்ளையாகப் படத்தில் விழுகிறது.

1971-ம் ஆண்டு சி.டி. ஸ்கேன் வந்தது. இங்கிலாந்தின் ஹவுன்ஸ்பீல்டு செய்த கருவி அது. அதுவும் எக்ஸ்ரேதான். உடம்பைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து, கம்ப்யூட்டர் மூலம் ரொட்டித் துண்டு போல அடுக்கடுக்காகக் காட்டுகிறது.

இவை எல்லாம் உருவத்தைக் காட்டுகின்றன. கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று சொல்கின்றன. ஆனால் அந்தக் கட்டி உயிரோடு வளர்கிறதா, இல்லை பழைய தழும்பாக முடங்கிக் கிடக்கிறதா என்பதை நிழலைப் பார்த்துத் திட்டமாகச் சொல்வது கடினம்.

ஒரு வீட்டைத் தெருவிலிருந்து பார்க்கிறோம். சுவர் தெரிகிறது, கூரை தெரிகிறது. உள்ளே ஆள் இருக்கிறார்களா என்பது தெரிவதில்லை. அடுப்பு புகைந்தால்தான் தெரியும்.

அந்த அடுப்புப் புகையைக் காட்டுவதுதான் பெட் ஸ்கேன்.

தங்கத்தோடு வந்த தூசி

தங்கவயலுக்கும் நெஞ்சுப் படத்துக்கும் பழைய உறவு உண்டு.

இங்கே தங்கம் தனியாகக் கிடக்கவில்லை. வெள்ளைக் கல்லான குவார்ட்ஸ் பாறைக்குள் கலந்து கிடந்தது. அந்தப் பாறையைத் துளைத்து, வெடி வைத்துத் தகர்த்து, அரைத்துத்தான் எடுத்தார்கள். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய வேலை நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம். சுமார் 800 டன் தங்கம்.

வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழ்த் தொழிலாளிகள் அந்த ஆழத்தில் தங்கத்தை மேலே அனுப்பினார்கள். தூசியைத் தங்கள் நெஞ்சுக்குள் இறக்கிக் கொண்டார்கள்.

குவார்ட்ஸ் தூசியில் இருப்பது சிலிகா. ஒரு மில்லிமீட்டரை நூறு பங்கு போட்டால் அதில் ஒரு பங்குக்கும் சிறிய துகள், மூக்கு முடியையும் தொண்டைச் சளியையும் ஏமாற்றிவிட்டு நுரையீரலின் கடைசி அறை வரை போய்விடும். அங்கே காவல் இருக்கும் அணுக்கள் அதை விழுங்கும். விழுங்கிய அணு செத்துப் போகும். துகள் சாகாது. அடுத்த காவல்காரன் வந்து விழுங்குவான். அவனும் சாவான். இப்படியே அந்த இடம் வெந்து, தழும்பு ஏறி, முடிச்சு முடிச்சாகக் கெட்டிப்படும்.

இதுதான் சிலிகோசிஸ்.

இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானது கோலார் தங்கவயலில்தான் என்று மருத்துவப் பாடநூல்கள் எழுதுகின்றன. 1940-களில் நடந்த பெரிய பரிசோதனையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளிகள் சோதிக்கப்பட்டார்கள். நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் நோய் அறிகுறி இருந்தது.

இந்த நோயில் இன்னொரு கொடுமையும் உண்டு. வேலையை விட்டு நின்ற பின்னும் அது வளரும். மைன்ஸ் மூடிப் பல ஆண்டுகள் கழித்து மூச்சு வாங்க ஆரம்பிப்பவர்கள் உண்டு. சிலிகோசிஸ் உள்ளவரை காசநோயும் எளிதில் பிடிக்கும். சிலிகா தூசி புற்றுநோயையும் உண்டாக்கக் கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1997-ம் ஆண்டு அறிவித்தது.

ஆகவே பழைய சுரங்கத் தொழிலாளியின் நெஞ்சில் ஒரு கட்டி தெரிந்தால் அது மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். சிலிகோசிஸ் தழும்பாக இருக்கலாம். காசநோயாக இருக்கலாம். புற்றுநோயாக இருக்கலாம். சில சமயம் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

மெஸ் சாப்பாட்டில் பிறந்த யோசனை

உடம்புக்குள் நடக்கும் வேலையைப் பார்க்கும் வித்தைக்கு அடிப்படை போட்டவர் ஹங்கேரி நாட்டுக்காரரான ஹெவிசி.

1911-ம் ஆண்டு வாக்கில் அவர் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஒரு விடுதியில் தங்கி ஆராய்ச்சி செய்து வந்தார். விடுதிக்கார அம்மாள் போடும் சாப்பாட்டின் மீது அவருக்குச் சந்தேகம். தட்டில் மிச்சம் வைப்பதையே மறுபடி மறுபடி கலந்து பரிமாறுகிறாளோ என்று நினைத்தார். கேட்டால் அந்த அம்மாள் இல்லவே இல்லை என்று சாதித்தாள்.

ஒருநாள் ஹெவிசி, மிச்சம் வைத்த உணவில் கொஞ்சம் கதிரியக்கப் பொருளைக் கலந்து வைத்தார். சில நாள் கழித்து வந்த பதார்த்தத்தின் அருகே கதிரைக் கண்டறியும் கருவியைப் பிடித்தார். கருவி காட்டிக் கொடுத்துவிட்டது! பழைய மிச்சம் புதிய பதார்த்தமாகத் திரும்பி வந்திருந்தது.

வேலைக்காக வெளியூர் வந்து மெஸ்ஸில் சாப்பிடும் நம்மவர்களுக்கு இந்தக் கதை நன்றாகவே புரியும்.

வேடிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். இதில் பெரிய உண்மை அடங்கி இருக்கிறது. ஒரு பொருளோடு கொஞ்சம் கதிரியக்கத்தைச் சேர்த்து அனுப்பினால், அது எங்கே போகிறது, எங்கே தங்குகிறது என்று வெளியிலிருந்தே பின்தொடரலாம். ரெயிலில் போகும் பார்சலுக்கு லேபிள் ஒட்டுவது மாதிரி. இந்த லேபிள் தானே ஒளி விட்டுக் கொண்டு போகும்.

இந்த முறைக்காக ஹெவிசிக்கு 1943-ம் ஆண்டுக்கான ரசாயன நோபல் பரிசு கிடைத்தது.

சர்க்கரைக்கு அலையும் கட்டி

சரி, எந்தப் பொருளுக்கு லேபிள் ஒட்டுவது?

ஜெர்மன் விஞ்ஞானி வார்பர்க் 1920-களில் ஒரு விஷயத்தைக் கண்டார். புற்றுநோய்த் திசுக்கள் சர்க்கரையை அகோரப் பசியோடு தின்கின்றன. பக்கத்தில் உள்ள நல்ல திசுவைவிட மிக அதிகமாகத் தின்கின்றன.

அப்படியானால் சர்க்கரைக்கே லேபிள் ஒட்டி அனுப்பினால் என்ன?

அதைத்தான் செய்தார்கள். சர்க்கரையில் ஓர் இடத்தை மாற்றி, அங்கே கதிரியக்கமுள்ள புளோரின் அணுவைச் சேர்த்தார்கள். இந்தப் பொருளுக்கு எப்.டி.ஜி. என்று பெயர். அமெரிக்காவில் 1976-ம் ஆண்டு முதன்முதலாக மனிதருக்குச் செலுத்திப் படம் எடுத்தார்கள்.

உடம்பு இதை உண்மையான சர்க்கரை என்று நம்பி வாங்கிக் கொள்கிறது. ஆனால் அணுவுக்குள் போனதும் அதை எரிக்க முடிவதில்லை. வெளியே தள்ளவும் எளிதில் முடிவதில்லை. அங்கேயே மாட்டிக் கொள்கிறது.

சுரங்கத்தில் இறங்குகிறவர் டோக்கன் வாங்கிக் கொண்டு இறங்குவார். ஏறியதும் திருப்பிக் கொடுப்பார். டோக்கன் திரும்பவில்லை என்றால் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். எப்.டி.ஜி.யும் அப்படித்தான். உள்ளே போன டோக்கன் வெளியே வராது. எங்கே அதிகம் சேர்ந்திருக்கிறதோ அங்கே வேலை அதிகம் நடக்கிறது என்று டாக்டர் தெரிந்து கொள்கிறார்.

எதிரும் புதிருமாகப் பாயும் கதிர்

இந்தப் புளோரின் அணு சிதையும்போது பாசிட்ரான் என்ற துகளை வெளியே விடுகிறது. பாசிட்ரான் என்பது எலெக்ட்ரானுக்கு நேர் எதிரி. இரண்டும் சந்தித்தால் இரண்டுமே அழியும். அழிந்த இடத்திலிருந்து இரண்டு காமா கதிர்கள் புறப்படும். ஒன்று கிழக்கே போனால் மற்றது மேற்கே போகும்.

நோயாளி படுத்திருக்கும் மேஜையைச் சுற்றி வளையம் போலக் கருவிகள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கதிர் வந்து தட்டினால், அந்த இரண்டு இடங்களையும் இணைக்கும் கோட்டில்தான் எங்கோ சம்பவம் நடந்திருக்க வேண்டும். "ஒரே நேரம்" என்றால் ஒரு வினாடியை நூறு கோடி பங்காக்கி, அதில் சில பங்குக்குள். இப்படி லட்சக்கணக்கான கோடுகளைப் போட்டு, அவை கூடும் இடத்தைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கிறது. அந்த இடம் படத்தில் வெளிச்சமாகத் தெரிகிறது.

இப்போதெல்லாம் இந்தக் கருவியோடு சி.டி. கருவியையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். சி.டி. இடத்தைச் சொல்லும். பெட் அங்கே நடப்பதைச் சொல்லும்.

தங்கவயல் பாதாளத்திலும் இதே வித்தை!

பாசிட்ரான் 1932-ம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டது. எதில் தெரியுமா? விண்வெளியிலிருந்து பூமிக்கு மழையாகப் பொழியும் காஸ்மிக் கதிரில்.

அதே காஸ்மிக் கதிரை ஆராய்வதற்காக விஞ்ஞானிகள் தேடி வந்த இடம் கோலார் தங்கவயல். 1950-களிலிருந்தே டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தார் இங்கே சுரங்கத்துக்குள் சோதனைகள் நடத்தினார்கள்.

1965-ம் ஆண்டு, சாம்பியன் ரீப் சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து அவர்கள் ஓர் அரிய சாதனை புரிந்தார்கள். காற்று மண்டலத்தில் பிறந்து பூமியையே துளைத்துப் போகும் நியூட்ரினோவின் தடயத்தைப் பிடித்தார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில் தென் ஆப்பிரிக்காவின் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் வேறொரு குழு அதைக் கண்டது. உலகத்திலேயே முதல் முறை இது.

மேலே உள்ள பாறை மற்ற கதிர்களை எல்லாம் தடுத்துவிட்டதால்தான் இது முடிந்தது. எந்த ஆழம் தொழிலாளியை வாட்டியதோ அந்த ஆழமே விஞ்ஞானத்துக்கு உதவியது.

அங்கே வைத்திருந்த கருவி என்ன? துகள் பட்டால் மின்னும் ஒரு பொருள். அந்த மின்னலைப் பிடித்துப் பல லட்சம் மடங்கு பெருக்கும் ஒரு குழாய். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மின்னியதா என்று பார்க்கும் ஏற்பாடு.

இன்றைக்கு ஆஸ்பத்திரியில் பெட் ஸ்கேன் வளையத்துக்குள் இருப்பதும் இதே தத்துவம்தான். அங்கே கதிர் பட்டால் மின்னும் படிகம். அந்த மின்னலைப் பெருக்கும் சாதனம். இரண்டு பக்கமும் ஒரே நேரமா என்று பார்க்கும் கணக்கு. பாறைக்குள் நியூட்ரினோவைத் தேடிய கண், இப்போது மனிதனின் நெஞ்சுக்குள் சர்க்கரையைத் தேடுகிறது!

110 நிமிடக் கெடு

எப்.டி.ஜி. மருந்துக்கு ஒரு பெரிய சங்கடம் உண்டு. அது காத்திருக்காது. 110 நிமிடத்தில் அதன் சக்தி பாதியாகிவிடும். அடுத்த 110 நிமிடத்தில் அந்தப் பாதியிலும் பாதி.

மாரிகுப்பத்தில் ரெயில் ஏறி, சாம்பியன், உரிகம், கோரமண்டல், பெமல் நகர், பங்காருப்பேட்டை தாண்டிப் பெங்களூர் போய்ச் சேருவதற்குள் மருந்து பாதி காலி!

அதனால்தான் இந்தக் கருவியைச் சின்ன ஊர்களில் வைப்பது சுலபமாக இல்லை. மருந்து தயாரிக்க சைக்ளோட்ரான் என்ற பெரிய எந்திரம் வேண்டும். அது பக்கத்தில், சில மணி நேரப் பயணத்துக்குள் இருக்க வேண்டும்.

இந்தியாவில் அணு உலைக் காலம் 1956-ம் ஆண்டு டிராம்பேயில் அப்சரா உலையோடு பிறந்தது. 1963-ல் பம்பாய் பரேல் பகுதியில் கதிர் மருத்துவ மையம் தொடங்கப்பட்டது. நாட்டின் முதல் பெட் ஸ்கேன் 2002-ம் ஆண்டு அங்கேதான் வந்தது. அதன் பிறகு பெங்களூர், சென்னை முதலிய நகரங்களுக்கும் பரவிவிட்டது.

எலும்புக்கூட்டையே காட்டும் படம்

பெட் ஸ்கேன் ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். அதைவிட மலிவான, பழைய தம்பிமார்கள் உண்டு. காமா கேமரா என்று பெயர். அமெரிக்காவின் ஆங்கர் என்பவர் 1950-களில் செய்தது.

அதற்கு வேண்டிய மருந்து டெக்னீசியம். இதன் சக்தி ஆறு மணி நேரத்தில் பாதியாகும். ஆனால் இது மாலிப்டினம் என்ற தாயிடமிருந்து பிறப்பது. தாயின் சக்தி பாதியாக 66 மணி நேரம் ஆகும். ஆகவே ஈயக் கவசத்துக்குள் தாயை வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறார்கள். தினமும் காலையில் அதிலிருந்து டெக்னீசியத்தைக் கறந்து கொள்கிறார்கள். விஞ்ஞானிகளே இதைப் "பசு" என்றுதான் அழைக்கிறார்கள்!

எலும்பில் சேரும் பொருளோடு இதைக் கலந்து ஊசி போட்டால், சில மணி நேரத்தில் தலை முதல் கால் வரை எலும்புக்கூடு முழுவதும் படத்தில் வரும். எந்த எலும்பில் வேலை அதிகம் நடக்கிறதோ அது கறுப்பாகத் தெரியும். புற்றுநோய் எலும்புக்குப் பரவி இருந்தால் தெரியும். பழைய அடி, வாதம், கிருமி இருந்தாலும் தெரியும்.

வேறு பொருளோடு கலந்தால் இதயத் தசையில் எது உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்று காட்டும். இன்னொன்றோடு கலந்தால் இரண்டு சிறுநீரகத்தில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கே சொல்லும். தைராய்டு சுரப்பியைப் பார்க்க அயோடின்.

வெளிச்சம் எல்லாம் புற்றுநோய் அல்ல

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பெரியவரின் கையில் ரிப்போர்ட் வந்துவிட்டது. வலது நுரையீரலில் வெளிச்சம் என்று எழுதி இருக்கிறது. பக்கத்தில் எஸ்.யு.வி. என்று ஓர் எண். மகள் அதைப் படித்துவிட்டு அழுகிறாள்.

அழ வேண்டிய நேரம் இன்னும் வரவில்லை.

பெட் ஸ்கேன் புற்றுநோயைக் காட்டுவதில்லை. சர்க்கரை எங்கே சேர்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. மூளை எப்போதும் சர்க்கரை தின்னும். ஆகவே எல்லோருடைய படத்திலும் மூளை வெளிச்சமாகத்தான் இருக்கும். இதயமும் மின்னலாம். மருந்து சிறுநீரில் இறங்குவதால் சிறுநீர்ப்பையும் மின்னும்.

அது மட்டும் அல்ல. நோயை எதிர்த்துப் போராடும் காவல் அணுக்களும் சர்க்கரை தின்கின்றன. காசநோய் இருக்கும் இடத்தில் அந்த அணுக்கள் கூட்டம் கூடி நிற்கும். சிலிகோசிஸ் முடிச்சிலும் அப்படித்தான். ஆகவே அந்த இடங்களும் படத்தில் மின்னும். சில சமயம் புற்றுநோய் போலவே பளிச்சென்று மின்னும்.

ஓட்டலில் போலீஸ்காரரும் சாப்பிடுகிறார், திருடனும் சாப்பிடுகிறான். பில்லை மட்டும் பார்த்து, சாப்பிட்டவர் யார் என்று சொல்ல முடியுமா?

எஸ்.யு.வி. என்ற எண்ணும் ஒரு பில்தான். மருந்து உடம்பு முழுவதும் சமமாகப் பரவி இருந்தால் இருக்க வேண்டியதைவிட அந்த இடத்தில் எத்தனை மடங்கு கூடி இருக்கிறது என்பதே அதன் பொருள். எண் பெரியது என்பதாலேயே புற்றுநோய் என்று தீர்மானம் ஆகிவிடாது.

மறுபக்கமும் உண்டு. வெளிச்சம் இல்லை என்றால் நோய் இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. மிகச் சிறிய கட்டியும், மெதுவாக வளரும் சிலவகைக் கட்டியும் படத்தில் மின்னாமல் தப்பிவிடலாம்.

பிறகு எதற்கு இந்த ஸ்கேன்? எந்த இடத்தில் ஊசி போட்டு சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அது வழி காட்டும். நோய் வேறு இடத்துக்குப் பரவி இருக்கிறதா என்று ஒரே படத்தில் சொல்லும். மருந்து கொடுத்த பின் நோய் அடங்குகிறதா என்று காட்டும். இவை மூன்றும் பெரிய உதவி. ஆனால் கடைசித் தீர்ப்பு, சதையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவர் கையில்தான் பெரும்பாலும் இருக்கிறது.

அந்த ஒரு வார்த்தை

"நான் சுரங்கத்தில் வேலை செய்தவன்."

இதுதான் டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டிய வார்த்தை.

தங்கவயல் டாக்டர்களிடம் இதைச் சொல்லவே தேவை இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்து கொள்வார்கள். ஆனால் பெங்களூரில் இருக்கும் இளம் டாக்டருக்கு எப்படித் தெரியும்? அவர் பார்ப்பது ஒரு படத்தை. படத்தில் வெளிச்சம் இருக்கிறது. நோயாளி கால் நூற்றாண்டு குவார்ட்ஸ் தூசியைச் சுவாசித்தவர் என்பது படத்தில் எழுதி இருக்காது.

அது தெரிந்தால் அவர் யோசிக்கும் விதமே மாறும். சளியைக் காசநோய்க்குச் சோதிப்பார். பழைய எக்ஸ்ரேயோடு ஒப்பிடுவார். சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்த பின்னரே மேற்கொண்டு போவார்.

மைன்ஸில் மட்டும் அல்ல. கல் குவாரி, கல் உடைக்கும் எந்திரம், வார்ப்படச் சாலை, கண்ணாடித் தொழிற்சாலை, மணல் அடித்துத் துரு நீக்கும் வேலை - இவற்றில் உழைத்தவர்களும் இதைச் சொல்ல வேண்டும்.

எத்தனை வருடம், எந்த வேலை, கீழேயா மேலேயா என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போவது நல்லது. பழைய எக்ஸ்ரே படம் பரணில் கிடந்தாலும் எடுத்துப் போக வேண்டும். பத்து வருடத்துக்கு முந்தைய படத்திலும் அதே கட்டி அதே அளவில் இருந்தால், அதுவே பெரிய சாட்சி.

சிலிகோசிஸ் என்பது சட்டப்படி தொழில்நோய். நஷ்டஈடு சட்டத்தின் அட்டவணையில் இடம் பெற்றது. சுரங்கத் தொழிலில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். ஆகவே வேலை விவரத்தை எழுதி வைப்பது வைத்தியத்துக்கு மட்டும் அல்ல, உரிமைக்கும் உதவும்.

ஸ்கேனுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஊசி போடுவதற்கு முன் நான்கு முதல் ஆறு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. வெறும் தண்ணீர் குடிக்கலாம். டீ, காபி, பால் எதுவும் கூடாது. ரத்தத்தில் சர்க்கரை அதிகம் இருந்தால், லேபிள் ஒட்டிய சர்க்கரைக்கு அணுக்களில் இடம் கிடைக்காது. படம் கெட்டுவிடும்.

சர்க்கரை வியாதிக்காரர்கள் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். மாத்திரையையோ இன்சுலினையோ தாங்களாக நிறுத்தக் கூடாது. எப்போது எடுக்கலாம் என்று கேட்டுக் கொள்ள வேண்டும்.

முதல் நாள் கடுமையான வேலை செய்ய வேண்டாம். ஸ்டேஷனில் ரெயிலைப் பிடிக்க ஓட வேண்டாம். உழைத்த தசை சர்க்கரை தின்னும். அதுவும் படத்தில் மின்னும்.

ஊசி போட்ட பின் சுமார் ஒரு மணி நேரம் தனி அறையில் சும்மா படுத்திருக்கச் சொல்வார்கள். பேசவும் கூடாது என்பார்கள். அது கண்டிப்புக்காக அல்ல. பேசினால் தொண்டைத் தசை வேலை செய்யும். படம் எடுக்க அரைமணி நேரம் போதும். வலி கிடையாது.

கர்ப்பமாக இருப்பவர்களும், கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவர்களும் கட்டாயம் முன்னதாகச் சொல்ல வேண்டும். ஸ்கேன் முடிந்த அன்று குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்ச வேண்டாம். நிறையத் தண்ணீர் குடித்தால் மருந்து சீக்கிரம் வெளியேறும். மறுநாள் காலைக்குள் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது.

கதிர் உடம்புக்குக் கெடுதல்தானே என்று கேட்கலாம். இயற்கையாகவே மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நம்மீது கதிர் பட்டுக் கொண்டுதான் இருக்கிறது. ஒரு பெட்-சி.டி. பரிசோதனையில் படுவது, சில வருடங்களில் இயற்கையாகப் படும் அளவு. தேவை இருந்தால் பயப்பட வேண்டியது இல்லை. தேவை இல்லாமல், "எதற்கும் ஒரு முறை பார்த்துவிடுவோமே" என்று எடுக்கும் படமும் அல்ல இது.

செலவும் பல ஆயிரம் ரூபாய் ஆகும். இ.எஸ்.ஐ. உள்ளவர்களும், அரசு காப்பீட்டு அட்டை உள்ளவர்களும் பணம் கட்டுவதற்கு முன்பே, தங்களுக்கு இது உண்டா என்று ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும். கட்டிய பிறகு கேட்டுப் பயன் இருக்காது.

மாலை ரெயில்

நாம் நினைத்துக் கொண்ட பெரியவரின் கதையை முடித்துவிடுவோம்.

"ஐயா, முன்னே என்ன வேலை செய்தீர்கள்?" என்று டாக்டர் கேட்டார். "மைன்ஸ்" என்றார் பெரியவர். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கேள்விகள் தொடர்ந்தன. பெரியவர் நெஞ்சிலிருந்து ஊசி மூலம் துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். காசநோய்க் கிருமி இருந்தது. புற்றுநோய் இல்லை.

காசநோய்க்கு அரசு மருந்து இலவசம். குறைந்தது ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். சிலிகோசிஸ் சேர்ந்திருந்தால் டாக்டர் சொல்லும் வரை இன்னும் கூடுதலாகச் சாப்பிட வேண்டி வரும்.

எல்லோருக்கும் இப்படியே நல்ல முடிவு வரும் என்று சொல்ல முடியாது. சிலருக்குப் புற்றுநோய் என்றே வரும். ஆனால் அப்போதும் சீக்கிரம் தெரிந்தால் வைத்தியத்துக்கு வழி உண்டு. தவறான பெயரில் வைத்தியம் நடப்பதுதான் பெரிய ஆபத்து.

சுரங்கம் மூடி ஆண்டுகள் பல ஓடிவிட்டன. சயனைடு மேடுகள் மட்டும் அந்தக் காலத்தைச் சொல்லிக் கொண்டு நிற்கின்றன. இன்னொரு மேடு, வெளியே தெரியாமல், இறங்கி உழைத்தவர்களின் நெஞ்சுக்குள் இருக்கிறது. அதைப் பார்க்க இன்று கருவி வந்துவிட்டது. அது என்ன என்று கருவிக்கு எடுத்துச் சொல்லத் தொழிலாளியின் வாய்தான் வேண்டும்.

மாலை ரெயிலில் ஊர் திரும்பும் எத்தனையோ பிள்ளைகளின் வீட்டில் இப்படி ஒரு நைனா இருமிக் கொண்டிருப்பார். இன்று இரவு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எத்தனை வருஷம் கீழே இறங்கினே, நைனா?" என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

செலவு இல்லாத பரிசோதனை அது.